பன்னிரண்டு கோர் கேபிளும் வால்பாறை பஸ்ஸும்

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அப்படிப்பட்டவளைப் பிடித்து, சூலூரில் மெஷின்களை இயக்கும் கண்ட்ரோல் பேனல் செய்யும் பட்டறையில் இரண்டு வருடமாகப் படம் வரைய வைத்திருந்தார் முதலாளி. தொண்ணூறுகளில் டிப்ளமோ முடித்த பெண்ணுக்கு மேசை கொடுப்பார்கள், ஸ்பேனர் கொடுக்க மாட்டார்கள். ஒரு தடவையாவது பேனல் மாட்ட வெளியூர் போய்விட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது.

வால்பாறைத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குப் பேனல் லாரியில் போய்விட்டது. கேபிள் அவர்களுடையது. அது பேனலுக்குள் நுழையும் ஓட்டையில் மாட்டும் பித்தளைக் கிளாண்டு எங்கள் பொறுப்பு. அது கேபிளைச் சரியாகக் கவ்வாவிட்டால் மலை ஈரம் உள்ளே இறங்கும், மெஷின் நினைத்தபோது நிற்கும். எங்கள் பக்கத்தில் கேபிளுக்குள் எத்தனை வயர், கடைப் பேச்சில் எத்தனை கோர், என்று எண்ணித்தான் கிளாண்டு வாங்குவார்கள். வெளித்தடிமனை யாரும் அளப்பதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பன்னண்டு கோருன்னு சொன்னா கடைக்காரரே எடுத்துக் குடுத்துப்போடுவாருங்க அம்மணி," என்றார் முதலாளி.

"தடிமன் தெரியாம வாங்குனா லூசா நிக்குமுங்க. நானே போய் அளந்துட்டு வாரேன்."

"மழை, அட்டை... பொம்பளப் புள்ளய மலைக்கு அனுப்பிப்போட்டு உங்க ஊட்டுக்கு நான் என்னங்க பதில் சொல்றது? ஒரு துண்டு கேபிள பஸ்ஸுல குடுத்துவுடச் சொல்லுங்க."

எஸ்டேட் எலக்ட்ரீஷியனிடம் போனில் சொல்லிவிட்டு, மறுநாள் கோவை உக்கடம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். டீ குடித்தேன், நடந்தேன், மறுபடி டீ குடித்தேன். வால்பாறை பஸ் எப்போது வரும் என்று நான் கேட்ட கேள்வியில் டைம் கீப்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருவழியாக பஸ் வந்ததும் கண்டக்டர் ஒரு பொட்டலத்தை நீட்டினார். பிரித்தால் உள்ளே பன்னிரண்டு மெல்லிய வயர்கள் மட்டும், வாரிவிட்ட தலைமுடி போல. மேலுறையும் இல்லை, அதனடியில் இருக்கும் இரும்புக் கம்பிச் சுற்றும் இல்லை; நான் அளக்க வேண்டிய தடிமனே போய்விட்டது.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து எஸ்டேட் எலக்ட்ரீஷியனைப் பிடித்தேன்.

"எண்ணறதுக்குச் சிரமமா இருக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் உரிச்சுச் சுத்தமாக் குடுத்துவிட்டனுங்க. பன்னண்டும் சரியா இருக்குதுங்களா?"

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முதலாளியைக் கூப்பிட்டேன். "சரி உடுங்க, கோர் கணக்குலயே வாங்கிப்போடலாம்," என்றார். "நான் வால்பாறை போறேனுங்க" என்று சொல்லிவிட்டு, பதில் வருவதற்குள் போனை வைத்தேன். கடைவீதிக்கு ஓடி, ஈரம் தாங்கும் இரட்டை ரப்பர் கிளாண்டுகளை அடுத்தடுத்த அளவுகளில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ராத்திரி எங்கே தங்குவது என்ற நினைப்பே ஆழியாறு தாண்டித்தான் வந்தது. ஒரு வளைவில் வேலை போனால் போகட்டும் என்று இருக்கும், அடுத்த வளைவில் முதலாளிக்குச் சொல்லப்போகும் பதிலை ஒத்திகை பார்ப்பேன்.

"போன்ல பேசுன ஆபீஸ் புள்ள நீங்கதானுங்களா?" என்று தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன் டீ கொடுத்தார். நான் தரையில் மண்டியிட்டு தடிமன் அளக்கும் வெர்னியரால் கேபிளை அளந்தேன். பன்னிரண்டு கோருக்குக் கடையில் கொடுப்பதைவிட ஒரு அளவு சிறியதுதான் கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் அடிக்கடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்ஜினியர் சார் எந்த பஸ்ஸுலங்க வர்றாரு? அவர் பாத்துட்டா கரண்ட் குடுத்துரலாம்."

வயர்களை உள்ளே இணைத்து, கிளாண்டு நட்டைக் கடைசிச் சுற்று முறுக்கிவிட்டு எழுந்தேன்.

"வந்தாச்சுங்க," என்றேன். "கரண்ட் குடுங்க."