வகுப்பறையில் அண்ணன் குரல்

என் அண்ணன் பஸ் கண்டக்டர். வாய் ஓயாத ஆள். டிக்கெட் கொடுத்த நேரத்தைவிட பயணிகளிடம் வாயடித்த நேரம்தான் அதிகம். வண்டி நிற்கும் இடமெல்லாம் ஒரு சிகரெட். குரல் கம்மியபோது, "கத்திக் கத்தித் தேஞ்சு போச்சு" என்றான். தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தார்கள். அந்த வருஷமே ஆளையும் பறிகொடுத்தோம்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் அவன் பேசியதை அண்ணி போனில் பதிந்து வைத்திருந்தாள். "நான் சொல்றதை இவ என்னைக்குக் காதுல வாங்கியிருக்கா? நாளைக்கு என் குரல் போனா, ரெண்டு நாள் கழிச்சுத்தான் இவளுக்கே தெரியும்!" அதோடு அவன் சிரிப்பு. அவன் குரல் என்று எங்களுக்கு மிச்சம் அவ்வளவுதான்.

அண்ணி தையல் கடையில் வேலை பார்த்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுவாள். அவள்தான் பள்ளிகளில் புகையிலை தடுப்பு வகுப்பு எடுக்கும் குழுவில் போய்ச் சேர்ந்தாள். ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்க நான். முதலில் அந்தப் பதிவைப் போடுவாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு, கழுத்தில் ஓட்டையோடு அவன் படுத்திருக்கும் படத்தைக் காட்டுவாள். பாடம் என்னவோ படத்தில்தான். அண்ணி போனது அந்தச் சிரிப்புக்காக. அந்த நேரம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணமான புதிதில் இருந்த முகம்.

குழுவின் மேலதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. "பிள்ளைங்க பயப்படணும்மா. சிரிச்சுட்டுப் போறதுக்கா நாம வர்றோம்? அதை எடுத்துடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "செத்தவன் சிரிக்கக் கூடாதுன்னு சட்டமா மேடம்?" என்று கேட்டே விட்டேன். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பதிவை மட்டும் அவள் விடவில்லை.

பிறகு ஒரு பள்ளியில், வகுப்பு முடிந்ததும் ஒரு பையன் அண்ணியிடம் ஓடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "அங்கிள் சூப்பர், டீச்சர்! அவரு என்ன சிகரெட் பிடிப்பாரு?"

அண்ணி ஸ்பீக்கர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள். படத்தையும் பார்த்தவன்தான் அவன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அண்ணி சொன்னாள்.

"இனிமே அது வேண்டாம்மா."

"ஒருத்தன் கேட்டான்னு விட்டுடுவீங்களா அண்ணி?"

"உங்க அண்ணனைப் பிடிச்சுப்போய் ஒரு பிள்ளை சிகரெட்டைத் தொட்டா, அந்தப் பாவத்தை நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுவேன்?"

அடுத்த பள்ளியில் படம் மட்டும். யாரும் சிரிக்கவில்லை. ஒரு சிறுமி கண்ணைப் பொத்திக்கொண்டாள். மேலதிகாரி கைகொடுத்துப் பாராட்டினார். இத்தனை பேர் அவனைப் பார்த்தார்கள், அவன் எப்படிப்பட்டவன் என்று ஒருவருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும், "அந்தப் பதிவை நம்ம ரெண்டு பேரும் கேக்கலாம் அண்ணி, நமக்கென்ன?" என்றேன். அடுப்படியில் நின்றபடியே போட்டாள். சிரிக்க வேண்டிய இடம் வந்தது. சிரித்துவிட வேண்டும் என்று நானும் பார்த்தேன், வரவில்லை. அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தான். பாதியில் அவள் நிறுத்திவிட்டாள்.