வெள்ளிப் பசை

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளைக் ‘குளிர்க்காரி’ என்பார்கள். எள்ளளவு ஆக்சைடு படிகத்தில் முடியைவிட மெல்லிய கம்பிகளை வெள்ளிப் பசையால் ஒட்டி, குளிரூட்டிக்குள் இறக்கியே அவள் இளமை கரைந்தது. சாதாரண வெப்பத்தில் உலோகம்போல மின்சாரத்தை ஓடவிடும் அந்தப் படிகம், கடுங்குளிரில் சட்டென்று அடைத்துக்கொள்ளும். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளி, நின்ற இடத்திலேயே முடங்கிவிடுகின்றன என்று ஆய்வேடே எழுதிவிட்டாள்.

அன்று பசை தீர்ந்துபோயிருந்தது. இண்டியம் என்ற மென்மையான உலோகத்தை அழுத்திக் கம்பியை ஒட்டினாள். குளிர் இறங்க இறங்க மின்சாரம் தன்பாட்டுக்கு ஓடியது, நிற்கவே இல்லை. இத்தனை வருஷமும் குளிரில் சுருங்கிய பசைதான் படிகத்தை விட்டுக் கிளம்பி மின்சாரத்தை அறுத்து, சூடேறியதும் மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு சொட்டுப் பசை அவள் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டது.

வீட்டிலிருந்து அக்கா போன் செய்தாள்.

“இன்னைக்கும் கரண்டு நின்னுச்சாடி?”

“நிக்கலக்கா. ஓடிட்டே இருக்கு.”

“ஓடினா நல்லதுதானே. இங்க நிக்கிறதுதான் தலைவலி.”

அவள் போனை வைத்தாள். படிகம் சூடாகி மின்சாரம் திரும்பும்வரை எப்போதும் காத்திருப்பாள். இன்று காத்திருக்க ஒன்றுமில்லை. ஆனாலும் உட்கார்ந்தே இருந்தாள்.