எஞ்சின் இரைச்சலைக் கழித்த ரேடியோ

ரேடியோவைப் பற்றி நான் படித்ததெல்லாம் சேலத்தில் எடைக்கு வாங்கிய ஒரே ஒரு புத்தகம். அதில் கடைசி அத்தியாயத்தை யாரோ கிழித்திருந்தார்கள். பொருளடக்கத்தைப் பார்த்தால் அந்த அத்தியாயத்தின் பெயர், 'பழுது கண்டறிதல்'. இந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் எண்பதுகளின் தொடக்கத்தில் மலைமேல் ஒண்டிக்கடை என்ற இடத்தில் ரேடியோ கடை போட்டேன்.

எங்கள் மலையில் ஒரு சாமான் கெட்டுப்போனால் கெட்டுப்போச்சு என்று யாரும் சொல்லமாட்டார்கள். "அது கோவிச்சுக்கிச்சுங்க" என்பார்கள். கோபித்துக்கொண்ட ரேடியோக்களைச் சமாதானப்படுத்துவதே என் பிழைப்பு.

மாரமங்கலம் போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட். அதன் கணக்கெழுதிக் களத்தையும் பார்த்துக்கொள்ளும் ரைட்டர் ஒருநாள் கடைக்கு வந்து, கைக்குட்டையால் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க, எஞ்சின் சத்தம் வராம ரேடியோ கேக்க வழி இருக்குங்களா?"

அவருக்கு அது பொழுதுபோக்கு இல்லை. காப்பிப் பழத்தைத் தோலுரித்துக் கழுவி, கொட்டையைக் களத்தில் காயப்போடுவார்கள். மழை வரும் என்றால் முன்கூட்டியே குவித்துத் தார்ப்பாய் போடவேண்டும். போன மாதம் ஒருமுறை நனையவிட்டு விட்டார். இன்னொரு முறை நனைந்தால் களத்துப் பொறுப்பைப் பிடுங்கி நாற்றங்காலுக்குத் தள்ளிவிடுவதாக எஸ்டேட்டை நடத்தும் துரை சொல்லியிருந்தார். மழை வருமா என்று அறிய ரேடியோவின் வானிலை அறிக்கை ஒன்றுதான் கதி. அறிக்கை வாசிக்கும் அந்திநேரம் பார்த்துத்தான் ரைட்டர் வீட்டை ஒட்டிய கொட்டகையில் தோலுரிக்கும் எஞ்சின் ஓடும். அதன் தீப்பொறி ஒவ்வொன்றும் ரேடியோவில் 'டப டப' என்று விழும்.

"இதெல்லாம் ஒரு வேலையா?" என்றேன். வேலை எனக்கே தெரியாதபோது நான் வழக்கமாகச் சொல்லும் வாசகம் அது.

இரண்டு முழ மரச்சட்டத்தில் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, நிலையம் பிடிக்க ஒரு கண்டென்சர் வைத்தேன். சுருளின் இரண்டு முனைகளையும் ஆளுக்கொன்றாக இரண்டு டிரான்சிஸ்டர்களுக்குக் கொடுத்தேன். இந்த ஜோடி, இரு முனைக்கும் ஒன்றுபோல வருவதைக் கண்டுகொள்ளாது. வித்தியாசத்தை மட்டும் எடுத்துப் பெருக்கும். நிலையத்தின் ஒலி இரு முனையிலும் எதிரெதிராக வரும், எஞ்சின் இரைச்சலோ பெரும்பாலும் ஒன்றாகவே ஏறும். ஆகவே ஒலி பெருகும், இரைச்சல் கழிந்துபோகும். ஒரே குணமுள்ள ஜோடியாக அமைய, டப்பாவிலிருந்த டிரான்சிஸ்டர்களை எல்லாம் சோதித்தேன். என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை.

கொண்டுபோய் வைத்தபோது ஒன்றே ஒன்று சொன்னேன். "இதுக்கு எர்த்து வேண்டாம்."

ரைட்டர் முகம் சுருங்கியது. எங்கள் மலையில் ரேடியோ உள்ள வீட்டுக்கெல்லாம் வாசலோரம், ரேடியோவிலிருந்து கம்பி இறக்கி மண்ணில் புதைக்கும் எர்த்துக்குழி உண்டு. செம்புத் தகடும் கரியும் உப்பும் போட்டு மூடி, தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள். துளசிக்கு மறந்தாலும் அதற்கு மறக்கமாட்டார்கள். ரைட்டர் வீட்டுக் குழியைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்து, செங்கல் கட்டியிருந்தது. எர்த்து இல்லாத ரேடியோ அவருக்கு அரைஞாண் இல்லாத பிள்ளை மாதிரி.

எஞ்சினை ஓடவிட்டுக் காட்டினேன். வயலும் உரமும் பற்றி ஒருவர் பேசியது கண்ணாடி போலக் கேட்டது. ரைட்டர் கைகூப்பினார். நான் அதைத் தடுக்கவில்லை.

மூன்றாம் நாள் ஆள் வந்தது: இரையுதாம். ஓடினேன். நான் போனால் கணீரென்று பாடுகிறது. திரும்பினேன். மறுநாள் மறுபடியும் ஆள். மறுபடியும் நான் போனால் பாடுகிறது.

"நீங்க வந்தா அடங்கிப் பாடுதுங்க. போனாக் கோவிச்சுக்குதுங்க" என்றார் ரைட்டர், என்னைப் பாராமல்.

வேறொருவன் என்றால் சந்தேகப்பட்டிருப்பான். நானோ பெருமைப்பட்டேன். மனித உடம்பும் ஒரு கண்டென்சர்தான், என் உடம்பு பக்கத்தில் இருப்பதால்தான் சுருள் சமநிலைக்கு வருகிறது என்று முடிவுகட்டி, என் எடைக்கு ஈடான பித்தளை அண்டாவை ரேடியோ பக்கத்தில் வைக்கச் சொன்னேன். வைத்தார்கள். பாவம், அவர் மனைவி ஒரு வாரம் ஊரில் அண்டா இரவல் வாங்கிக் குளித்திருக்கிறார்.

அடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். ரைட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ரேடியோ 'டப டப' என்றது. சுருளின் ஒரு முனையிலிருந்து ஒரு கம்பி இறங்கி, சன்னல் வழியாக வெளியே போனது. வெளியே ரைட்டரின் மனைவி குழிக்கு உப்புத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, வரேன்னு ஒரு வார்த்த சொல்லப்படாதுங்களா? கம்பியக் கழட்டி வெச்சிருப்போமில்ல" என்றார் அவர்.

ஒரு முனையை மண்ணோடு கட்டினால் இரு முனையும் எப்படி ஒன்றாகும்? ஒன்று அசையாது, மற்றது மட்டும் இரைச்சலை வாங்கி ஆடும். அந்த வித்தியாசத்தை என் ஜோடி விசுவாசமாகப் பெருக்கித் தந்திருக்கிறது.

"எதுக்கு ரைட்டரே என்கிட்ட மறைச்சீங்க?"

"நீங்க வேண்டாம்னு சொன்னீங்க, உங்க மனசு நோகக் கூடாதில்லீங்களா? அதுக்குன்னு எர்த்தில்லாம வெச்சிருந்தா ரேடியோ நொம்ப நாள் தாங்குமுங்களா?"

கம்பியைப் பிடுங்கி எறிந்தேன். எஞ்சின் பக்கத்தில் கிடந்து கத்தியது. ரேடியோ, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலச் சொன்னது: உள்மாவட்டங்களில் வறண்ட வானிலை நிலவும்.

ரைட்டர் எழுந்து நின்று கேட்டார். பிறகு களத்துக்குப் போய், தார்ப்பாயோடு நின்ற ஆட்களை, மூடவேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பினார். நான் அண்டாவை விடுவித்துவிட்டு, பஸ்ஸில் என்னை நானே மெச்சிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

விடியற்காலையில் மலையே கரைகிற மழை. உள்மாவட்டங்கள் வறண்டுதான் கிடந்தனவாம். மலையைப் பற்றி அறிக்கையில் யார் என்ன சொன்னார்கள்?

இரண்டு நாள் கழித்து நாற்றங்காலில் பூவாளியோடு நின்ற ரைட்டரைப் பார்க்கப் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாளியைக் கீழே வைத்து, எனக்கு உட்கார ஒரு சாக்கை விரித்தார்.

"இரைஞ்சுக்கிட்டிருந்தப்ப ஒண்ணுங் கேக்காதுங்க. எதுக்கும் இருக்கட்டும்னு தெனமும் களத்த மூடி வெச்சிருவேன். நீங்க நல்லாக் கேக்க வெச்சுட்டீங்க."