நீலப் பலகையில் இல்லாத பெயர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஹட்சன் ஆற்றங்கரையில் எங்கள் ஊரில் நடந்தது இது. யாருக்கு நடந்ததோ அவள் என் வீட்டுக்கு மூன்றாம் வீட்டுக்காரி. பெயர் வெர்னா டெக்கர். பொய் சொல்லத் தெரியாதவள். பொறாமையை மறைக்கவும் தெரியாதவள்.

வெர்னாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை. தன் பழைய கல்வீட்டின் எதிரே, சாலையோரத்தில், சரித்திரம் சொல்லும் நீலப் பலகை ஒன்று நிற்க வேண்டும். பிரிட்டிஷ்காரன் ஆண்ட காலத்து வீடு இது என்று வருடாவருடம் விண்ணப்பம் எழுதிப் போட்டாள். கிடைக்கவில்லை. எதிர்வீட்டுக் கோரா, அவளுடைய உயிர்த்தோழி, ஒரே ஒரு தடவைதான் எழுதினாள். கிடைத்துவிட்டது. தபால் வந்த அன்று வெர்னா அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினாள். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தாள். மாதங்கள் ஓடியும் அந்த வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

அக்டோபர் கடைசி. மறுநாள் பலகைத் திறப்பு விழா. பழங்கால உடை போட்ட ஆட்கள், சூடான ஆப்பிள் சாறு, டோநட் என்று ஏற்பாடெல்லாம் தடபுடல். பலகையை நடும்போது எழுத்துகளில் பெயிண்ட் உரிந்துவிட்டது. ஊரில் தூரிகை பிடிக்கத் தெரிந்தவள் வெர்னா ஒருத்திதான். கோரா வந்து கெஞ்சினாள். வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள்.

மாலை ஆறே கால். இருட்ட ஆரம்பித்திருந்தது. கோரா வீட்டு வாசலில், 1746-இல் அங்கே படகுத்துறைச் சத்திரம் நடத்திய நீல்த்யே என்பவளின் பெயருக்கு வெர்னா மஞ்சள் பெயிண்ட் தீட்டிக்கொண்டிருந்தாள்.

பின்னால் ஒரு குரல்.

"அவ பேரு மட்டுந்தானா?"

வெள்ளைத் துணித் தொப்பி. கனத்த கம்பளிப் பாவாடை. விழாவுக்கு வேஷம் போட வந்தவள், நாள் தெரியாமல் இன்றைக்கே வந்து நிற்கிறாள் என்று வெர்னாவுக்குச் சிரிப்பு.

"நீங்க யார் வேஷம்?"

"அவளோட அக்கா. சத்திரம் என்னோடது. பேரு அவளுக்கு."

நன்றாக நடிக்கிறாளே என்று வெர்னாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. தன் மனதில் கிடப்பதை இன்னொருத்தி வாயால் கேட்பதில் ஒரு சுகம். கோராவைப் பற்றி இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். அவள் அசையாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

நல்ல குளிர். பேசப் பேச வெர்னாவின் வாயிலிருந்து ஆவி பறந்தது. தொப்பிக்காரியின் வாயிலிருந்து பறக்கவில்லை.

பாவாடை ஓரத்திலிருந்து தண்ணீர். சொட்... சொட்... அன்று மழையே இல்லை.

"அவ உன்ன நம்புவாளா?"

"நம்புவா."

"கூப்பிட்டா வருவாளா?"

"நான் எங்க கூப்பிட்டாலும் வருவா."

தூரிகையைப் பெயிண்டில் தோய்த்து நிமிர்ந்தாள். யாரும் இல்லை. ஈரத் தடம் மட்டும், ஆற்றுப் பக்கமாக.

கோரா வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

ஆற்றிலிருந்து ஒரு குரல். "கோரா... இங்க வாடி..."

அது வெர்னாவின் குரல்.

"போகாதே" என்று கத்த வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

ஓடினாள்.

கோரா இடுப்பளவு தண்ணீரில் போய்க்கொண்டிருந்தாள். "இதோ வந்துட்டேன், வெர்னா..."

"இன்னும் கொஞ்சம்..."

மார்பளவு.

"இன்னும்..."

கழுத்தளவு...

வெர்னா பாய்ந்து அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். கரையில் விழுந்த பிறகுதான் வெர்னாவுக்குக் குரல் திரும்பியது. அழுகையாகத்தான் வந்தது.

பிறகு கோரா வீட்டில், கணப்பின் முன்னால், இருவரும் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தபோது வெர்னா எல்லாவற்றையும் சொன்னாள். தன் பொறாமை, தொப்பிக்காரி, அவள் கேட்ட கேள்விகள். தான் கூப்பிடவில்லை, அந்தத் தொப்பிக்காரிதான் தன் குரலை எடுத்துக்கொண்டாள் என்று கோராவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

கோரா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு மட்டும் இல்லடி. பலகை எனக்குன்னு தபால் வந்துச்சே, அன்னிக்கு ராத்திரிலேர்ந்து தினமும் நீ ஆத்துலேர்ந்து என்னக் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கே."

வெர்னா அந்தத் தொப்பிக்காரியை முதன்முதலாகப் பார்த்தது பெயிண்ட் அடித்த அன்று மாலைதான்.