உடைமரம் தின்ற பஸ்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எழுதும்போது என் பேச்சைச் சீவிச் சிங்காரித்துவிடுகிறாள். போகட்டும், கல்யாணப்பெண் மாதிரி இருக்கட்டும். நேற்று அவள் பேப்பரில் எதையோ படித்துவிட்டு, வெயில் இப்படிக் கொளுத்துவதற்கும் மழை மாதம் தப்பிப் பெய்வதற்கும் மனிதர்கள்தான் காரணமாம், வண்டிப் புகையும் மரம் வெட்டினதும்தானாம் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைச் சொல்லப் பேப்பர் எதற்கு? என் தலைப்பிள்ளை தூத்துக்குடியில் பிறக்காமல் தேரி மணலில் பிறந்த கதையும் அதுதானே!

நான் பிறந்தது தூத்துக்குடியில். ஐயாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற வேலை. கப்பல் ஊதினால் எங்கள் வீட்டுப் பானை அதிரும். நான் பிறந்த சமயம் கடலில் முத்துக் குளிப்பு நடந்ததாம்; கரையெல்லாம் சிப்பி அழுகிக் கிடந்ததாம். அந்த நாற்றத்தில்தான் நான் மூக்கைச் சுளித்துக்கொண்டே பிறந்தேன் என்று அம்மை சொல்வாள். மூக்கு இன்னும் அப்படித்தான் இருக்கிறது. அது கிடக்கட்டும்.

என்னைக் கட்டிக்கொடுத்தது குலசேகரன்பட்டினத்துக்கு மேற்கே, தேரி ஓரத்து ஊரில். தேரி என்றால் மலை மாதிரி குவிந்து கிடக்கிற செம்மணல். மாவு போலிருக்கும். ஊருக்கும் தேரிக்கும் நடுவே உடைமரங்கள் நெருக்கமாக நின்றன. குடையை விரித்தது போன்ற முள்மரம். அதன் நிழலில் உட்காரவும் முடியாது, உட்காராமல் இருக்கவும் முடியாது. மேலே குளிர்ச்சி, கீழே முள். புதுப்பெண்ணான எனக்கு அந்த மரங்களைக் கண்டாலே ஆகாது. சேலையைப் பிடித்து இழுக்கும்.

அது உலகச் சண்டைக் காலம். அரிசிக்குத் தட்டு, மண்ணெண்ணெய்க்குத் தட்டு. பெட்ரோல் கிடைக்காததால் பஸ்களெல்லாம் கரியில் ஓடின. இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய் இருக்கும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டித் தீ மூட்டி, கிளீனர் ஒரு கைப்பிடியைச் சுற்று சுற்றென்று சுற்றுவார். உள்ளே புகை கிளம்பி, அந்தப் புகையில் வண்டி ஓடும். ஏற்றம் வந்தால் நாம் இறங்கித் தள்ள வேண்டும். அந்த பஸ்ஸும் பெரிய ரோட்டோடு போய்விடும். அதைப் பிடிக்க வெயிலில் வெகுதூரம் நடக்க வேண்டும்.

அம்மையைப் பார்க்கப் போக வேண்டும் என்று நான் வாயைத் திறந்தால் மாமியார் விடமாட்டாள்.

"ஏளா, ஒங்கம்மை வீடு என்ன சந்திரமண்டலத்துலயா இருக்கு? ஒரு நாளு நடந்தா போச்சு. கப்பக்காரன் மவளுக்குக் கப்பல்ல போனாத்தான் ஆவுமோ?"

"கப்பல் வேண்டாம் அத்தை. பஸ்ஸு வந்தாப் போதும்."

"வரும், வரும். வெத்தில பாக்கு வச்சிக் கூப்பிடு."

கூப்பிடாமலே வந்தது. பஸ் முதலாளியின் ஆள் ஒருவர் தை மாதம் ஊருக்குள் வந்து ஆண்களைக் கூட்டிவைத்துப் பேசினார். பெண்கள் நாங்கள் கிணற்றடியில் நின்று கேட்டோம்.

"அண்ணாச்சிமாரே, கரி கெடைக்காமத்தான் பாதி நாளு வண்டி படுத்துக் கெடக்கு. ஒங்க உடைமரம் கரிக்கு அம்புட்டு நல்லது. நீங்க மூட்டம் போட்டுக் கரி தாங்க. கரி ஏத்த வண்டி ஊருக்குள்ளயே வரும். வாற வண்டியில ஆளும் ஏறிக்கிடலாம்."

அன்றைக்கு ஊரிலேயே அதிகமாகச் சந்தோஷப்பட்டது நான்தான். அப்போது எனக்கு மசக்கை வேறு. புளி கேட்ட வாயால் பஸ் பஸ் என்று பாட்டாகவே படித்துக்கொண்டிருந்தேன்.

வேண்டாம் என்று சொன்னது ஒரே ஆள், ஆட்டுக்கார அக்கா. ஆண் துணை இல்லாதவள்; ஆடுகள்தான் எல்லாம். உடைமரத்தின் காய்ந்த நெற்றுதான் அவள் ஆடுகளுக்குக் கோடைத் தீனி. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"மரத்த வெட்டுனா எங்க ஆடு எதத் திங்கும்? ஒங்க பஸ்ஸையா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் மாமியார் கிணற்றடியிலிருந்தே சத்தம் கொடுத்தாள்: "ஒன் ஆடு பஸ்ஸையும் திங்கும்ளா. போன வருசம் என் பாயத் தின்னுச்சே!"

காற்றைப் பற்றியோ மணலைப் பற்றியோ அன்றைக்கு யாரும் பேசவில்லை. ஆட்டுக்கார அக்காவும் பேசவில்லை, அவளுக்கு ஆட்டுக் கவலை. எங்களுக்கு பஸ் ஆசை.

ஒவ்வொரு வீடும் வெட்டியது. குவித்து, மண் பூசி மூடி, உள்ளே தீ வைத்தால் அதுதான் மூட்டம். மாசி முழுக்க ஊரே கருவாட்டைப் போலப் புகையில் வாடியது. நானும் சும்மா இருக்கவில்லை. வெட்டினவர்களுக்குக் கூழ் சுமந்தேன், முள் கழித்தேன், முள் குத்தினால்கூடச் சிரித்தேன். பஸ் வந்தபோது அதற்குச் சந்தனம் பூசி மாலை போட்டார்கள். மூட்டைகள் ஏறின. நானும் ஏறினேன்.

தூத்துக்குடியில் அம்மை கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, "யாரு நீ?" என்றாள். முகம் முழுக்கக் கரி! பல்லைக் காட்டினதும்தான் தெரிந்துகொண்டாள்.

"எம்மா, ஒன்னைய வீட்டுல கெட்டிக் குடுத்தமா, கரிக்கடையில கெட்டிக் குடுத்தமா?"

அப்புறம் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். ஏழாம் மாதம் வளையல் போட்டு என்னைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டிவருவது அவள் உரிமை. அதற்காகச் சின்ன அறையை வெள்ளையடித்து, பத்தமடைப் பாய்கூட வாங்கி வைத்திருந்தாள்.

"பஸ்ஸுதான் வாசலுக்கே வருதே. நான் வந்து இறங்குதேன், ஒன்னைய ஏத்துதேன், அம்புட்டுத்தான். அந்தப் பாயில ஒருத்தரையும் ஒக்கார விடல, பாத்துக்கோ."

பங்குனி, சித்திரை நன்றாகப் போயின. வைகாசிக் கடைசியில் மேற்கேயிருந்து மேல்காற்று கிளம்பியது. வருஷா வருஷம் அடிக்கிற காற்றுதான். ஆனால் அந்த வருஷம் அது தனியாக வரவில்லை. தேரியையும் கூட்டிக்கொண்டு வந்தது. சோற்றில் மணல், குழம்பில் மணல், உப்புச் சாடியில் மணல், மடித்து வைத்த சேலையைப் பிரித்தால் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு பிடி. மாமனார் வெற்றிலை மெல்லும்போது அம்மி அரைக்கிற மாதிரிச் சத்தம் கேட்டது. நான் சிரித்துவிட்டுத் திட்டு வாங்கினேன்.

சிரிப்பு அப்புறம் நின்றுவிட்டது. பஸ் வருகிற பாதை மேலேயே மணல் ஏறியது. நாங்கள் முறம் முறமாக அள்ளினோம். மறுநாள் அதே இடத்தில் அதே மேடு. ஒரு நாள் பஸ் வந்து பாதி சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. ஊரே சேர்ந்து தள்ளியது. கிளீனர் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்துபோனார். டிரைவர் இறங்கித் தலைத்துண்டை உதறினார்.

"இனும நம்மால ஆவாது அண்ணாச்சி. கரியப் பெரிய ரோட்டுக்குக் கொண்டாங்க."

"அப்ப ஆளு?" என்று நான் முந்திக்கொண்டு கேட்டேன்.

அவர் என் வயிற்றைப் பார்த்தார், மணலைப் பார்த்தார், துண்டைத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டார்.

ஊரில் பலரும் பல காரணம் சொன்னார்கள். சண்டையில் போடுகிற குண்டு வானத்தைக் கலக்கிவிட்டது என்றார் ஒருவர். அம்மனுக்குக் கொடைவிழா கழிக்காத குற்றம் என்றார் இன்னொருவர். பஸ்காரன் கண் வைத்துவிட்டான் என்றாள் மாமியார். மூட்டம் போட்ட கரி எல்லார் கையிலும் நகக்கண்ணில் இருந்தது. அதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஆனியில் வளையல் போட அம்மை வந்தாள். பெரிய ரோட்டில் இறங்கி, புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் வைத்த கடகத்தைத் தலையில் சுமந்து, முழங்கால் புதையப் புதைய நடந்தே வந்து சேர்ந்தாள். தலையிலிருந்து கால்வரை செக்கச்செவேலென்று இருந்தாள். இந்தத் தடவை கதவைத் திறந்த நான் "யாரு நீங்க?" என்றேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு அம்மை கேட்டாள்: "சம்பந்தி, கல்யாணத்துக்கு வந்தப்ப அங்கன மரமா நின்னுதே. எல்லாம் எங்க?"

மாமியார் முறத்தில் அரிசியிலிருந்து மணலைப் புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"நீங்க எதுல வந்திய?"

"பஸ்ஸுலதான்."

"அப்ப அது மேலதான் ஏறி வந்திருக்கிய."

என் வீட்டுக்காரர் மெதுவாக எழுந்து வெளியே போய், வெறுமையாகக் கிடந்த தேரிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். குண்டும் அம்மனும் பஸ்காரனும் அந்த ஒரு பேச்சில் போய்விட்டார்கள்.

நான் தூத்துக்குடி போகவில்லை. மாட்டுவண்டி அச்சு வரை புதைந்தது. அந்த மணலில் வயிற்றுப்பிள்ளைக்காரியை நடத்திக் கூட்டிப்போக அம்மைக்கு மனம் வரவில்லை. ஐயாவைச் சொந்தச் சமையலுக்கு விட்டுவிட்டு அவள் இங்கேயே தங்கினாள். ஒரே அடுப்பில் இரண்டு சம்பந்திகள்! குழம்பில் மணலா உப்பா என்று தினமும் வழக்கு. ஆவணியில் என் மகன் பிறந்தான். நாளுக்கு எத்தனை தரம் உதறினாலும் தொட்டிலில் மணல். வெள்ளையடித்த அறையும் பத்தமடைப் பாயும் தூத்துக்குடியில் சும்மா கிடந்தன. அம்மை ஊருக்குத் திரும்பும்போது, "அந்தப் பாயச் சுருட்டி வைக்கேன்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அது முள் மாதிரி தைத்தது.

ஐப்பசி மழை பெய்தது. ஒரு காலையில் மாமியார் ஆட்டுக்கார அக்காவின் தொழுவுப் பக்கம் போனவள், ஓட்டமாகத் திரும்பி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தொழுவுக்குப் பின்னால் புழுக்கைக் குவியல். அதன் மேலெல்லாம் பச்சையாக முளை. உடை முளை! போன கோடையில் நெற்றைத் தின்ற ஆடுகள் விதையை அப்படியே போட்டிருந்தன.

ஆட்டுக்கார அக்கா கம்போடு வந்தாள். "என்ன பாக்கிய? நீங்க வெட்டுனதையெல்லாம் என் ஆடு வயித்துல வச்சிருந்திச்சு."

"ஏளா, நாலு கடகம் தா. தேரியில போட்டுப் பாப்போம்" என்றாள் மாமியார்.

"என்னையக் கேட்டா? ஆட்டக் கேளுங்க. அதத்தான பழிச்சிய?"

மாமியார் என்னைப் பார்த்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் போய்க் கிடாய்க்கு முன்னால் நின்று, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஏலே, நாங்க செஞ்சது தப்புதான். தா" என்றாள். கிடாய் அவள் முந்தானையைக் கடித்தது.

"சரின்னு சொல்லிட்டான்," என்றாள் ஆட்டுக்கார அக்கா. "ஆனா மொளைக்க மொளைக்க என் ஆடுதான் மேஞ்சிரும். அதுவளக் கெட்டிப் போடணும். கெட்டிப் போட்டா தீனி?"

தீனி வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கொடுத்தோம். முருங்கைத் தழை, அகத்தி, கஞ்சித்தண்ணீர். மணலை நிறுத்த ஆண்கள் பனையோலைப் படல் கட்டினார்கள். பெண்கள் புழுக்கை சுமந்தோம். பாதி முளை கருகியது. மறுமழைக்கு மறுபடியும் போட்டோம். பஸ்ஸுக்குக் கூழ் சுமந்த அதே தலையில் புழுக்கை சுமந்தபோது, எனக்கு என்னமோ இதுதான் அதிகச் சந்தோஷமாக இருந்தது. ஒரே வெட்டில் போனது வருஷக்கணக்கில் முழங்காலுக்கு வந்தது, அப்புறம் இடுப்புக்கு வந்தது.

சண்டை ஓய்ந்தது. நான் மறுபடியும் உண்டானபோது உடைமரங்கள் என் தலைக்கு மேல் குடை பிடித்திருந்தன. பாதையில் மணல் ஏறுவது குறைந்திருந்தது. ஆடி பிறக்குமுன் பஸ் மறுபடியும் ஊருக்குள் வந்தது. முதுகில் பீப்பாய் இல்லை. இரண்டாம் பிள்ளைக்கு வழக்கமில்லாவிட்டாலும் அம்மை அதிலிருந்து வளையலோடு, கரி படாத முகத்தோடு, காலில் மண் ஒட்டாமல் இறங்கினாள்.

ஆட்டுக்கார அக்கா பஸ்ஸைச் சுற்றி வந்து, பீப்பாய் இருந்த இடத்தைக் கம்பால் தட்டிப் பார்த்தாள்.

"ஏலே, இது இப்ப எந்த மரத்தத் திங்கிது?"

"மரமெல்லாம் இல்ல அக்கா, பெட்ரோலு," என்றார் கிளீனர். "பூமிக்கடியிலருந்து எடுக்காவ. எண்ணெ மாதிரி."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அங்கன யாரு ஆடு மேய்க்காளோ, பாவம்."

எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தேன். பஸ் நகர்ந்ததும் உடைமரக் கிளை ஒன்று ஜன்னல் வழியே என் சேலையைப் பிடித்து இழுத்தது. முன்பு போலத் திட்டவில்லை. முள் முறியாமல் மெல்ல எடுத்துவிட்டேன். பக்கத்தில் அம்மை என் வயிற்றில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"நேத்தே பாய விரிச்சிப் போட்டுட்டுத்தான் வந்தேன்."