அம்மா கையிலிருந்து நழுவிய டம்ளர்கள்

சேத்தியாத்தோப்பில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த எங்கள் அம்மா, திருமணமாகி விருத்தாசலம் வந்தபின் பீங்கான் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். சூளையிலிருந்து வரும் பொம்மைகளைக் காதருகே பிடித்து, விரலால் தட்டிப் பார்த்துப் பிரிப்பது அவர் வேலை. "பார்வைக்கு முழுசாதான் இருக்கும். உள்ள விரிசல் இருந்தா சத்தம் காட்டிக்குடுத்துடும்" என்பார்.

அந்தக் கைதான் டம்ளர்களை நழுவவிடத் தொடங்கியது. ரவிக்கைக் கொக்கி மாட்ட வரவில்லை. நடை தள்ளாடியது. வலி என்று அம்மா சொல்லவே இல்லை. அதனால் ஆளுக்கொரு சந்தேகம். கண்ணில் கோளாறு என்றார் அப்பா. பக்கத்து வீட்டில் செய்வினை என்றார்கள். பெண்ணாடத்திலிருந்து வரும் அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, நேராகவே கேட்டுவிட்டார்: "நான் வந்தா மட்டும் காபி கீழ வுழுவுது அண்ணி. வரவேணாம்னா வாயால சொல்லிடுங்க."

அம்மா அன்று சாப்பிடவில்லை.

நான் எந்திரங்களைப் பழுது பார்க்கப் படித்தவள். கை, கால் இரண்டும் சேர்ந்து தடுமாறினால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில் பழுது இருக்க வேண்டும் என்று தோன்றியது. புதுச்சேரியில் நரம்பு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். "நெசமா, நடிப்பான்னு நானும் பாக்குறேன்" என்று அத்தையும் பஸ் ஏறினார்.

மருத்துவர் சிறு ரப்பர் சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டினார். கால் துள்ளியது.

"நீங்களா ஆட்டுறீங்க அண்ணி?"

"நான் எங்க ஆட்டுறேன், அதுவா ஆடுது. டாக்டரு எங்க பட்டறை வேலையத்தான் பாக்குறாரு."

அத்தை சிரித்தார். பிறகு அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கழுத்தெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகள் தேய்ந்து, பிதுங்கி, தண்டுவடத்தை அழுத்துவதாக ஸ்கேன் காட்டியது. வயதானால் பலருக்கும் தேயும், எல்லோருக்கும் இப்படி அழுத்தாது என்றார் மருத்துவர். குனிந்து செய்த வேலைதான் காரணமா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அறுவை சிகிச்சை மேலும் கெடாமல் தடுக்கும், போன பலம் முழுவதும் திரும்பும் என்று சொல்வதற்கில்லை என்றும் சொன்னார். அம்மா அறுவை செய்துகொண்டார்.

அந்த அறுவைதான் அம்மாவைக் கொண்டுபோனது என்று இன்றும் சிலர் பேசுவது காதில் விழுகிறது. அதற்குப் பின் சில ஆண்டுகள் அம்மா தானே நடந்து சந்தைக்குப் போனார். அவரை அழைத்துக்கொண்டது மாரடைப்பு. உங்கள் வீட்டில் யாருக்காவது கை நழுவினால், நடை தள்ளாடினால், ஆளைச் சந்தேகப்படும் முன் கழுத்தைச் சந்தேகப்படுங்கள்.

சிகிச்சை அளித்தவர்களுக்கும், மருத்துவமனையில் முறை வைத்துத் துணையிருந்த பட்டறைத் தோழியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அத்தைக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். அறுவைக்குப் பின்னும் அம்மாவின் பிடி முழுதாய்த் திரும்பவில்லை. ஒரு நாள் அத்தைக்குக் காபி கொடுக்கும்போது மறுபடி டம்ளர் நழுவியது. தரையைத் துடைத்தபடியே அத்தை சொன்னார்:

"வுழுந்தா வுழட்டும் அண்ணி. இன்னொண்ணு போடுங்க. நான் சாயந்தரம் பஸ்ஸுக்குதான் போறேன்."