எங்கள் உபயத்தன்று ஒலிபெருக்கியில் சொன்னது

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாள் பூசையும் ஒரு குடும்பத்தின் உபயம். பூசைக்கு முன்னால் அந்த வீட்டுப் பிள்ளைகள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். ஆசிரியர், ஆஸ்பத்திரித் தாதி என்றால் சட்டென்று சொல்லி முடித்துவிடலாம். நான் ஆராய்வதோ பிரபஞ்சத்தின் இளம் வயதில் உருவான பெரும் விண்மீன் மண்டலங்களை. போன வருடம் கோயில் தலைவர் தனக்குப் புரிந்தபடி, "வானத்து நட்சத்திரங்களைக் கணிப்பவர்" என்று முழங்கிவிட்டார். மறுநாள் விடிந்ததும் எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் ஜாதகமும் கையுமாக ஆட்கள். தேநீர் கொடுத்து அனுப்பி வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

நான் சிரித்துவிட்டு மறந்துவிட்டேன். நமுனுகுல மலையில் கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்த அம்மாவால் அப்படி விட முடியவில்லை. இந்த வருடம் எங்கள் உபயத்தன்று மத்தியானம், ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டார்.

"நீ பாக்குறது என்னான்னு எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு."

எதிர்மலையில் விறகு வெட்டும் சத்தம் பிந்தி வந்து கேட்பதுபோல, தூரத்து வெளிச்சமும் பிந்தித்தான் வரும் என்றேன். எங்கள் தொலைநோக்கிக்கு வந்து சேரும் வெளிச்சம், சூரியனே உண்டாகாத காலத்தில் கிளம்பியது. அப்போது எல்லாம் சின்னதாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம். பார்த்தால், அதற்குள்ளேயே பெரிதாக வளர்ந்த மண்டலங்கள் வாயுவை வாரி இழுத்து நட்சத்திரங்களைப் பெற்றுத் தள்ளுகின்றன. சில சீக்கிரமே ஓய்ந்தும் போகின்றன.

"அவ்வளவு சீக்கிரமா எப்படி வளந்துச்சு?"

"அதுதாம்மா இன்னும் சரியாத் தெரியல. அதத்தான் தேடுறோம்."

ரொட்டி தட்டும்போது அம்மாவின் உதடுகள் மட்டும் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தன.

சாயங்காலம் கோயிலில் தலைவர் மைக்கோடு எங்களிடம் வந்தார். "இந்த முறை டீச்சர்னு சொல்லிருவோம்க்கா. சனத்துக்கு லேசா வெளங்கும்."

"அவ டீச்சர் இல்லயே தம்பி. குடுங்க, நான் சொல்றேன்."

எங்கள் கோயிலில் ஒரு பெண் மைக் பிடித்து நான் பார்த்ததில்லை. தலைவர் தயங்கிவிட்டுக் கொடுத்தார். ஒரு வார்த்தை தடுமாறினாலும் அடுத்த திருவிழாவரை மலையில் அதைச் சொல்லியே கேலி செய்வார்கள். அது அம்மாவுக்கும் தெரியும்.

"எல்லாருக்கும் வணக்கங்க. எம் மக ஜாதகம் பாக்குறவ இல்ல. இந்த மல, இந்தச் சூரியன் எதுவுமே இல்லாத காலத்துல நட்சத்திரக் கூட்டங்க எப்படி அவ்வளவு சீக்கிரம் பெருசாச்சுன்னு தேடுறா. ஒலகத்துல யாருக்கும் இன்னும் சரியாத் தெரியாதாம். தேடுற ஆளுங்கள்ல ஒருத்தி நம்ம லயத்துல பொறந்தவ."

மணியைக் கையில் வைத்திருந்த பூசாரி அதை அடிக்க மறந்து நின்றார். அம்மா மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சரியாச் சொன்னேனா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பெருமையோடு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.